வெட்டைத் தாங்கும் துணி, குத்தைத் தாங்குமா?

கத்தி இரண்டு விதமாகக் காயப்படுத்தும். அலகின் வாயை உடம்பின்மேல் இழுத்தால் வெட்டு. முனையை உள்ளே செலுத்தினால் குத்து. வெட்டுக்காயம் நீளமாக இருக்கும், ரத்தம் கொட்டும், பார்ப்பவரைப் பதற வைக்கும். ஆனால் பெரும்பாலும் தோலோடும் தசையோடும் நின்றுவிடும். குத்துக்காயம் வெளியே ஓர் அங்குலக் கீறலாகத்தான் தெரியும். அதன் அடியில் நுரையீரலோ ஈரலோ இதயமோ கிழிந்திருக்கலாம். கழுத்து, மணிக்கட்டு, தொடையிடுக்கு போல ரத்தக்குழாய்கள் மேலாக ஓடும் இடங்களை விட்டால், உயிரை எடுப்பது பெரும்பாலும் குத்துதான். அன்றாடம் உடுத்தும் துணி இந்த இரண்டையும் ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை என்பதில்தான் இந்த விஷயத்தின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

வெட்டில் கையின் விசை அலகின் நீளம் முழுக்கப் பரவிவிடுகிறது. ஒவ்வோர் இழையையும் அறுத்துக்கொண்டுதான் கத்தி தோலுக்கு வர முடியும். இழுத்துப் பிடித்த துணி எளிதில் அறுபடும்; தொளதொளவென்று தொங்கும் துணி கத்தியோடு சேர்ந்து நகர்ந்து, மடிந்து, அதன் வேகத்தைத் தின்றுவிடும். அதனால் உடம்பை ஒட்டிய மெல்லிய பனியனைவிடத் தளர்வான தடித்த மேல்சட்டை மேல். சாய்வு நெசவில் நெருக்கமாக நெய்த ஜீன்ஸ் துணி, கம்பளிக் கோட்டு, தோல் ஜாக்கெட் ஆகியவை சாதாரண வெட்டின் ஆழத்தை வெகுவாகக் குறைக்கும். அவசரத்தில் வீசப்பட்ட மொண்ணைக் கத்தியானால் தோலைத் தொடாமலே போகவும் கூடும்.

குத்தின் கணக்கு வேறு. அதே விசை ஊசிமுனை அளவு இடத்தில் குவிகிறது. அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி செருகி மாதிரி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சாக்கின் ஓர் இழைகூட அறுவதில்லை. பாவும் ஊடையும் விலகி வழிவிடுகின்றன, குத்தூசியை உருவியதும் தட்டிவிட்டால் மூடிக்கொள்கின்றன. கத்திமுனையும் நெய்த துணிக்குள் இப்படித்தான் நுழைகிறது. முனை விலக்கிய இடைவெளியை அதன் பின்னால் வரும் வாய் அறுத்துப் பெரிதாக்குகிறது.

துணியைத் தாண்டியதும் தோல். பிரிட்டனின் தடயவியல் மருத்துவர் பெர்னார்ட் நைட் 1975-ல் வெளியிட்ட ஆய்வு, குத்துக்கு எவ்வளவு பலம் தேவை என்பதை அளந்து பார்த்தது. முனையின் கூர்மைதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்றது அது. எலும்பையும் குருத்தெலும்பையும் விட்டால் உடம்பில் கத்தியை அதிகம் தடுப்பது தோல்தான். அது விட்டுக்கொடுத்த பிறகு உள்ளே போகப் பெரிய பலம் எதுவும் வேண்டியதில்லை. ஆக, உடுப்பு உதவுவதானால் அந்த முதல் வாசலில்தான் உதவ வேண்டும்: முனை தோலைத் தொடுமுன் அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது திசையைத் திருப்ப வேண்டும்.

அடுக்கடுக்கான உடுப்பு அதைச் செய்திருக்கிறது. 1757 ஜனவரி 5 மாலை, வெர்சாய் அரண்மனையில் வண்டி ஏறப்போன பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயியை தாமியேன் என்பவன் பேனாக்கத்தியால் விலாவில் குத்தினான். கத்தியின் நீளம் எட்டு சென்டிமீட்டர் அளவுதான். கடுங்குளிர் காலம், மன்னர் துணிமேல் துணியாக உடுத்தியிருந்தார். செத்தே போய்விடுவோம் என்று பாவமன்னிப்புக்குப் பாதிரியாரைக் கூப்பிட்டார். மருத்துவர்கள் பார்த்தபோது காயம் ஆழமில்லை. அதே குத்து கோடையில் விழுந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

1854 அக்டோபர் 25-ல் கிரிமியப் போரின் பாலக்லாவா களத்தில், பிரிட்டிஷ் குதிரைப்படையின் வாள்கள் ரஷ்யச் சிப்பாய்களின் தடித்த சாம்பல்நிறக் கோட்டுகளில் பட்டுத் தெறித்தன. அந்தக் கோட்டு கவசமல்ல, குளிருக்குப் போட்டது.

பனிக்கோட்டு தற்செயலாகச் செய்ததைப் பழங்காலப் படைகள் திட்டமிட்டே செய்தன. ஐரோப்பாவில் பல மடிப்பு லினன் துணியை நெருக்கித் தைத்த அங்கி, ஏழைப் படைவீரனின் கவசமாக நெடுங்காலம் இருந்தது. 15-ம் நூற்றாண்டில் பிரான்சின் பதினோராம் லூயி இட்ட ஆணை, அத்தகைய அங்கிக்கு 25 அல்லது 30 மடிப்புத் துணியும் ஒரு மான்தோலும் வேண்டும் என்று கணக்கே சொல்கிறது. மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்கள் பஞ்சு திணித்துத் தைத்த மேலங்கி அணிந்தார்கள். அவர்களை வெல்ல வந்த ஸ்பானியர்கள், அந்த வெயிலுக்கு இரும்பு ஒத்துவராமல் அதே பஞ்சங்கிக்கு மாறினார்கள். ஒரு துணி தடுக்காததை முப்பது துணி தடுக்கும். ஆனால் முப்பது துணியைப் போட்டுக்கொண்டு யார் பேருந்து ஏறுவது?

உடுப்பின் காவல் எவ்வளவு விசித்திரமாக வேலை செய்யும் என்பதற்கு ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் முடிவு ஒரு சான்று. 1898 செப்டம்பர் 10, ஜெனீவா ஏரிக்கரை. லூயிஜி லுக்கேனி என்பவன் கூராக்கிய அரத்தால் பேரரசியின் மார்பில் குத்தினான். இறுக்கிக் கட்டிய இடைக்கச்சு அரத்தைத் தடுக்கவில்லை, ஆனால் ரத்தம் வேகமாகக் கசிவதை அது தடுத்துவைத்தது என்று கருதப்படுகிறது. யாரோ இடித்துத் தள்ளிவிட்டதாகவே நினைத்த பேரரசி எழுந்து நடந்து கப்பலேறினார். அங்கே மயங்கி விழுந்து, கச்சின் கயிற்றை அறுத்த பிறகுதான் குத்துப்பட்டது தெரிந்தது. அன்றே இறந்தார்.

உள்ளே கவசம், வெளியே சாதாரண உடுப்பு என்ற உத்தி அரசியல் அளவுக்குப் பழையது. 1659 நவம்பரில் பிரதாப்கட் கோட்டை அடிவாரத்தில் பீஜப்பூர்த் தளபதி அஃப்சல் கானைச் சந்திக்கப் போன சிவாஜி, அங்கிக்குள் இரும்பு வளையச் சட்டையும் தலைப்பாகைக்குள் இரும்புத் தொப்பியும் அணிந்திருந்ததாக மராட்டிய வரலாறுகள் சொல்கின்றன. தழுவிய கையோடு கான் குத்திய கத்தி அந்தச் சட்டையில் பட்டு நின்றது. தழுவல் சோதனையாகவும் பயன்பட்டிருக்கிறது. 1478 ஏப்ரல் 26-ல் ஃபுளோரன்ஸ் தேவாலயத்துக்குப் போகும் வழியில் சதிகாரன் பிரான்செஸ்கோ பாட்சி, நகரை ஆண்ட குடும்பத்தின் ஜூலியானோ மெதிச்சியை அன்பாக அணைத்துக்கொண்டான். ஆடைக்குள் கவசம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத்தான். இல்லை. ஜூலியானோ அன்றே தேவாலயத்துக்குள் குத்திக் கொல்லப்பட்டார். அதே இடத்தில் தாக்கப்பட்ட அண்ணன் லொரென்சோ, மேலங்கியைக் கழற்றி இடக்கையில் சுற்றிக்கொண்டு வாளை உருவி, கழுத்தில் ஒரு காயத்தோடு தப்பினார்.

லொரென்சோ செய்தது அந்த நேரத்தில் தோன்றிய யோசனை மட்டுமல்ல. கேடயமில்லாத ரோமானியச் சிப்பாய்கள் மேலங்கியை இடக்கையில் சுற்றிக்கொண்டதைச் சீசர் தமது போர்க்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 16-ம் நூற்றாண்டு இத்தாலிய வாள் ஆசான்கள் இதை ஒரு தனிப் பாடமாகவே நடத்தினார்கள். அர்ஜென்டினாவின் மாட்டுக்காரர்கள் கத்திச்சண்டையில் போன்ச்சோ என்ற போர்வை அங்கியை முன்கையில் சுற்றிக்கொண்டார்கள். தமிழ்ப் படங்களில் நாயகன் துண்டைக் கையில் சுற்றுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; படத்தில் வருகிற பல சண்டை உத்திகளில் கொஞ்சம் நியாயமுள்ளது இது. தாக்கப்படுபவர் தம்மையறியாமல் கையைத்தான் முன்னே நீட்டுகிறார். கையிலும் முன்கையிலும் விழும் இத்தகைய வெட்டுகளுக்குத் தடயவியலில் தற்காப்புக் காயங்கள் என்றே பெயர். அங்கே நாலு சுற்றுத் துணி இருந்தால் வெட்டு மட்டுப்படும். முழங்கை முதல் சுண்டுவிரல் வரையுள்ள வெளிப்புறம் எதிரியை நோக்கியிருப்பது நல்லது. ரத்தக்குழாய்களும் தசைநாண்களும் மேலாக ஓடுவது மணிக்கட்டின் உட்புறத்தில்.

கையில் இருக்கும் பொருள் பலநேரம் உடுத்தியிருப்பதைவிடப் பயன் தரும். புத்தகம் நிறைந்த தோள்பையை மார்புக்கு முன் பிடித்தால் அது நல்ல தடுப்பு. காகிதத்தில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை; நார்கள் கண்டபடி பின்னிக் கிடப்பதால் முனைக்கு விலக்கிச் செல்ல வழி கிடைப்பதில்லை. சிறைகளில் கைதிகள் தடித்த பத்திரிகைகளை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வழக்கத்துக்கு இதுதான் காரணம். ஆனால் பையோ துணியோ, அது வாங்கித் தருவது சில நொடிகள். அந்த நொடிகள் ஓடித் தப்புவதற்கு. நின்று சண்டையிட அல்ல.

தோட்டா துளைக்காத சட்டை கத்தியையும் தடுக்கும் என்ற நம்பிக்கை தவறு. 1965-ல் டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலெக் கண்டறிந்த இழையிலிருந்து வந்த கெவ்லார், தோட்டாவை வலைபோல் பிடித்து அதன் விசையைப் பரப்பிவிடும். கூர்முனைக்கோ சாக்கைப் போலவே இழை விலகிக்கொடுக்கும். அதனால் குத்துத் தடுப்புச் சட்டைகளில் இழையை மிக நெருக்கி நெய்கிறார்கள், பிசின் பூசுகிறார்கள், அல்லது இரும்பு வளையப் பின்னலையோ கெட்டியான தகடுகளையோ சேர்க்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவற்றுக்கு அளவுகோல் உண்டு. மிகக் குறைந்த நிலையில், 24 ஜூல் ஆற்றலோடு கத்தி விழும்போது முனை 7 மில்லிமீட்டருக்கு மேல் மறுபுறம் எட்டக்கூடாது. 24 ஜூல் என்பது சுமார் இரண்டரைக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். உள்ளுறுப்புகள் தோலுக்கு அடியில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் இந்த 7 மில்லிமீட்டர். கடைத்தெருச் சட்டை எதுவும் இந்தச் சோதனைக்குப் பக்கத்தில்கூட வராது.

கடைத்தெருச் சட்டைக்கும் குத்துத் தடுப்புச் சட்டைக்கும் நடுவில் ஒரு சந்தை முளைத்திருக்கிறது: பார்வைக்குச் சாதாரணத் தலைமூடிச் சட்டை, உள்ளே கெவ்லார் அல்லது டைனீமா இழை. இங்கிலாந்தில் கத்திக்குத்துகள் பெரிய செய்தியான 2007-ல், பள்ளிச் சீருடைக்குள்கூட இத்தகைய துணியை வைத்துத் தைத்துத் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. இவற்றை வாங்குபவர் சீட்டில் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை வெட்டைத் தாங்குபவை. குத்தைத் தாங்குபவை அல்ல. கண்ணாடித் தொழிலாளர்களின் கையுறையும் முதன்மையாக வெட்டை எண்ணிச் செய்யப்பட்டதே.

விளையாட்டுத் துறையும் இந்தப் பாடத்தை விலைகொடுத்துத்தான் கற்றது. 1982-ல் ரோமில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், எதிராளியின் உடைந்த வாள் முகமூடியைத் துளைத்து சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். அதன்பின் முகமூடிக்கும் உடைக்கும் விதிகள் கடுமையாயின. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஐஸ் ஹாக்கி வீரர் ஆடம் ஜான்சன், சறுக்குக் காலணியின் அலகு கழுத்தில் பட்டு இறந்தார். தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் அணிந்து ஆடும் விளையாட்டில் கழுத்து மட்டும் திறந்து கிடந்தது. பலர் வெட்டுத் தடுப்பு இழையால் ஆன கழுத்துப்பட்டையை அணியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அன்றாட உடையிலும் கழுத்துதான் பெரிய ஓட்டை. தடித்த காலர் கொஞ்சம் உதவும். நீளமாகத் தொங்கும் மஃப்ளரும் துப்பட்டாவும் இருபுறமும் கூர் உள்ளவை. வெட்டைத் தடுக்கலாம், எதிரி பிடித்து இழுக்கவும் கைப்பிடியாகலாம். வெப்பநாட்டில் தோல் ஜாக்கெட்டை நாள் முழுக்க அணிவது தண்டனை. தாக்குதல் நடக்கிற நாளில் அது வீட்டில் ஆணியில்தான் தொங்கும்.

தாக்குதல் முடிந்த பிறகு துணிக்கு இன்னொரு வேலை வருகிறது. கத்தி உடம்பில் தைத்து நின்றால் பிடுங்கக் கூடாது. அதுவே அடைப்பாக இருக்கலாம். அதைச் சுற்றித் துணியை அண்டைகொடுத்து, 108-ஐ அழைக்க வேண்டும். கத்தி இல்லாத காயமானால் துண்டோ சட்டையோ எது கிடைத்தாலும் மடித்து, காயத்தின்மேல் வைத்து, கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். முதல் துணி நனைந்துவிட்டால் அதைப் பிரிக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்தலாம்.

காயத்தைப் பார்க்கச் சட்டையை வெட்ட நேர்ந்தால், கத்தி போட்ட ஓட்டையின் வழியாக வெட்டாமல் தள்ளி வெட்டுவது முறை. அந்தக் கிழிசலின் நீளமும் ஓரமும், அலகு ஒருபுறம் கூரா இருபுறம் கூரா, எந்தத் திசையில் வந்தது என்பதையெல்லாம் தடயவியலாளருக்குச் சொல்லும். ரத்தம் நனைந்த உடையை உலர வைத்துக் காகிதப் பையில் வைப்பார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் சான்று அழிந்துவிடும்.