மூச்சைப் பழக்கும் சீனக் கலை

சீன நாட்டுப் பூங்காக்களில் காலை வேளையில் முதியோரும் இளையோரும் மெல்லக் கைகளை அசைத்து நிற்கும் படங்களை நாம் பார்த்திருப்போம். அவர்களில் பலர் செய்யும் பயிற்சிக்குச் சீ குங் என்று பெயர்.

'சீ' என்றதும் தோழியர் சிரிக்க வேண்டாம். சீன மொழியில் அது காற்று, மூச்சு, உயிராற்றல் ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும் சொல். அதன் பழைய எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் அரிசியும் அதன்மேல் எழும் ஆவியும் தெரியும். பொங்கல் பானையை அறிந்த நமக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமோ? 'குங்' என்பது இடைவிடாத உழைப்பால் கைவரும் திறமை.

இக்கலையைத் தாவோ நெறியினர் பெரிதும் வளர்த்தனர். இயற்கையோடு போராடாமல் நீரைப் போல் இளகி நடப்பதே அவர்கள் கொள்கை. பாதங்களைத் தோள் அகலத்திற்கு விலக்கி, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, ஒரு புளியமரத்தை அணைப்பது போலக் கைகளை வளைத்து நிற்க வேண்டும். நினைவு தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் அளவில் நிலைத்திருக்கும். மூச்சை இழுக்கையில் வயிறு மெல்ல உப்பும், விடுகையில் உள்வாங்கும். பார்ப்பவருக்குச் சும்மா நிற்பது போலத்தான் தோன்றும். ஐந்து நிமிடம் நின்றால் உண்மையைத் தொடை சொல்லிவிடும்!

மூச்சை நீட்டி வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்திற்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மனம் அமைதி பெறுவது இதனால்தான். இது எல்லா நோயையும் போக்கும் என்பாரும் உளர். அதை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர் மருந்தை நிறுத்தலாகாது.

காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே சீனருக்கு இவற்றைக் கற்பித்தார் என்று நம்மவர் பெருமை பேசுவதுண்டு. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப் பின் இப்பேச்சு மிகுந்துவிட்டது. ஆனால் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையொன்றை 1973இல் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுச்சீலை ஓவியத்தில் 44 உருவங்கள், ஆணும் பெண்ணுமாக, குனிந்தும் நிமிர்ந்தும் கைகளை நீட்டியும் இதன் முன்னோடிப் பயிற்சிகளைச் செய்கின்றன. போதிதர்மரோ கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினர். பாட்டியின் திருமணத்திற்குப் பேத்தி சமைத்தாள் என்பது போலல்லவா இருக்கிறது!

இரவல் பெருமை நமக்கு எதற்கு? நம் திருமூலர் திருமந்திரத்தில் மூச்சுக்குக் கணக்கே வகுத்திருக்கிறார். 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விட வேண்டுமாம். (குருவின் துணையின்றி 64 வரை அடக்கிப் பார்க்காதீர்கள், தலை சுற்றும்.) சீனர் மூச்சை நீராக ஓடவிட்டனர், நம்மவர் அதற்குத் தாளம் கட்டினர்.

பொதுத் தேர்வு நாளில் தொப்பூர் மேட்டில் ஏறும் லாரியைப் போல நமக்கு மூச்சு வாங்கும். தேர்வுக் கூடத்தில் மரத்தை அணைத்து நிற்க இயலாது. ஆயினும் பாதங்களைத் தரையில் பதித்து, அடிவயிற்றிலிருந்து பத்து மூச்சு மெதுவாக விடலாம். மேற்பார்வையாளருக்குக்கூடத் தெரியாது.