வருகிற அஞ்சல் வருகிறது, அனுப்புகிற அஞ்சல் ஏன் போவதில்லை?

"சார், வீட்டில் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. மெயில் எல்லாம் வருகிறது. அனுப்பினால் மட்டும் போக மாட்டேன் என்கிறது."

பள்ளியில் கணினி ஆய்வகப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், இந்தக் கேள்வி ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது என்னிடம் வந்துவிடும். கேட்கிறவர் அதற்கு முன்பே இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசியிருப்பார். அவர்கள் வேகத்தைச் சோதித்துப் பார்த்து, "உங்கள் லைனில் குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொல்வதும் உண்மை, இவர்கள் சொல்வதும் உண்மை. லைன் சரியாக இருக்கும்போதே அனுப்பும் வழி மட்டும் அடைபட்டிருக்க முடியும்.

போகாத அஞ்சல் போனது போலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் எழுதிய பக்கம் மூடிக்கொள்கிறது. நாமும் கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். அஞ்சலோ நம் கணினியிலேயே அவுட்பாக்ஸ் என்னும் கூடையில் கிடக்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகளுக்கு ஒரு மாணவனின் மருத்துவச் சான்றை ஸ்கேன் செய்து அனுப்பியிருப்போம். கடைசி நாள் முடிந்த பிறகு அலுவலகத்தில் "வரவில்லையே" என்பார்கள். "அனுப்பினேனே" என்று நாம் சொல்வதற்கு நம்மிடம் சான்று ஏதும் இருக்காது. அதனால் முக்கியமான அஞ்சலை அனுப்பியதும் 'அனுப்பியவை' கோப்புறையைத் திறந்து, அது அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அஞ்சல் போகவில்லை, நேரமும் இல்லை என்றால் பழுது பார்க்க உட்கார வேண்டாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியைத் திறந்து, ஜிமெயில் தளத்திலேயே நுழைந்து அங்கிருந்து அனுப்பிவிடுங்கள். சாதாரண இணையதளங்களைப் பார்க்கும் அதே வழியில் அது போவதால், பெரும்பாலும் போய்விடும். பழுதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

இனி, வருவதும் போவதும் ஏன் வேறுவேறாக நடந்துகொள்கின்றன என்று பார்ப்போம். அஞ்சலகத்தில் நமக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. சாவி நம்மிடம் இருக்கிறது. போய்த் திறந்து எடுத்துக்கொள்கிறோம். அஞ்சல் பெறுவது அப்படிப்பட்டது. அனுப்புவது தெருவோரச் சிவப்புப் பெட்டியில் கடிதம் போடுவதைப் போன்றது. போடுகிறவர் யார் என்று பெட்டி கேட்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் வரையறுத்து எழுதியபோது அது அப்படித்தான் இருந்தது. அந்த முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். அன்று இணையத்தில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தாம். அனுப்புகிறவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

அந்தச் சிவப்புப் பெட்டிக்கு 25 என்று எண். ஒரு சர்வரில் பல வாசல்கள் உண்டு. அவற்றைப் போர்ட் என்பார்கள். அஞ்சல் வாங்கும் வாசல் 25ஆம் போர்ட். பிற்காலத்தில் வீட்டுக் கணினிகளில் வைரஸ் புகுந்து, உரிமையாளருக்கே தெரியாமல் இந்த வாசல் வழியாகக் குப்பை அஞ்சல்களை ஆயிரக்கணக்கில் கொட்டத் தொடங்கின. ஆகவே உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளிலிருந்து 25ஆம் போர்ட்டுக்குப் போகும் வழியை மூடிவிட்டன. இது பழுதல்ல, வேண்டுமென்றே போட்ட பூட்டு. அதைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடுவதில் பயனில்லை, தேவையும் இல்லை. 1998இலேயே அதற்கு மாற்று வாசல் வகுக்கப்பட்டது. அதன் எண் 587. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பார்கள். 465 என்ற இன்னொரு வாசலும் உண்டு. அதில் தொடக்கத்திலிருந்தே உரையாடல் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டு நடக்கும். வீட்டிலிருந்து அஞ்சல் அனுப்ப இந்த இரண்டில் ஒன்றுதான் வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டுடன் சொன்னால் தெளிவாகும். என்னுடன் பணியாற்றும் அறிவியல் ஆசிரியை ஒருவர், தொலைபேசிக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்த பிராட்பேண்டை விட்டுவிட்டு வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினார். வேகம் பல மடங்கு கூடியது. அன்றிலிருந்து அஞ்சல் மட்டும் போகவில்லை. அவர் வீட்டுக் கணினியில் பழைய அவுட்லுக் நிரல். வருகிற பக்கத்தில் ஜிமெயிலின் சர்வர் சரியாக இருந்தது. வெளிச்செல்லும் பக்கத்தைத் திறந்து பார்த்தால், பழைய இணைய நிறுவனத்தின் அஞ்சல் சர்வர், போர்ட் 25, கடவுச்சொல் தேவையில்லை என்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இணைப்புக் கொடுக்க வந்த பணியாளர் அமைத்துவிட்டுப் போனது. பழைய லைனில் இருந்தவரை அந்தச் சர்வர் அவரைத் தன் வாடிக்கையாளராகக் கருதி அஞ்சலை வாங்கிக்கொண்டது. புதிய லைனிலிருந்து போனால் அதற்கு அவர் அந்நியர். அதற்கும் முன்பே, புதிய நிறுவனம் 25ஆம் போர்ட்டைப் பூட்டியிருந்தது. இப்படி இரண்டு கதவுகள் அடைபட்டிருக்க, அவர் மோடத்தை நாள்தோறும் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளிச்செல்லும் சர்வரை ஜிமெயிலுக்குரியதாக மாற்றினோம். எஸ்எம்டிபி, ஜிமெயில், காம் என்ற மூன்றையும் புள்ளியிட்டுச் சேர்த்தால் அதுவே சர்வரின் பெயர். போர்ட்டை 587 ஆக்கி, பாதுகாப்பு வகையில் டிஎல்எஸ் தேர்ந்தெடுத்தோம். 'வெளிச்செல்லும் சர்வருக்கும் உறுதிப்பாடு தேவை' என்ற கட்டத்தில் குறியிட்டோம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைச் செய்யுமுன் அவுட்பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கடந்த மாதத்துத் தற்செயல் விடுப்புக் கடிதம், திருத்தம் செய்யப்படாத ஒரு பெயர்ப் பட்டியல், அதே பட்டியல் மீண்டும் மூன்று முறை என எல்லாம் வரிசையில் நின்றன. வழி திறந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் தலைமை ஆசிரியருக்குப் போயிருக்கும். வேண்டாதவற்றை அழித்துவிட்டுத்தான் அமைப்பை மாற்ற வேண்டும்.

தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் கணக்கு அமைப்புகளைத் திறந்தால், வெளிச்செல்லும் சர்வர்கள் இடப்பக்கப் பட்டியலின் அடியில் தனியாக இருக்கும். நம் கணக்கின் பக்கத்திலேயே தேடினால் போர்ட் எண் கண்ணில் படாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அஞ்சல் போகவில்லை என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "மூன்று இலக்க எண் ஏதாவது காட்டியதா?" என்பதுதான். பிழைச் செய்தியைப் படிக்காமலே மூடிவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் குறை எங்கே என்பது அதில்தான் இருக்கிறது.

எண்ணே இல்லாமல், 'இணைக்க முடியவில்லை', 'நேரம் கடந்துவிட்டது' என்று மட்டும் வந்தால் நம் கணினி சர்வரைச் சென்றடையவே இல்லை. வழி அடைபட்டிருக்கிறது, போர்ட்டையும் சர்வர் பெயரையும் பார்க்க வேண்டும். வைரஸ் தடுப்பு நிரலின் அஞ்சல் சோதனைப் பகுதியும் சில வேளை இப்படி மறிக்கும். அந்தப் பகுதியை மட்டும் சற்று நிறுத்திச் சோதிக்கலாம். நிரல் முழுவதையும் நீக்க வேண்டாம். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து அனுப்பிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அதில் போனால் குறை வீட்டு இணைப்பின் பக்கம். அதிலும் போகாவிட்டால் பெரும்பாலும் நம் அமைப்பில். அவுட்லுக் சில நேரம் சுழியமும் எக்ஸ் எழுத்துமாகத் தொடங்கும் நீண்ட எண்ணைக் காட்டும். அது அந்த நிரல் தானே இட்டுக்கொண்ட எண்; சர்வர் சொன்னதல்ல.

மூன்று இலக்க எண் வந்துவிட்டால் சர்வர் நம்மிடம் பேசியிருக்கிறது. லைன் சரி, இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்ய வேண்டியதில்லை. முதல் இலக்கம் 4 என்றால் தற்காலிகத் தடை. சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். 5 என்றால் நாம் எதையாவது மாற்றாதவரை போகாது. 535 வந்தால் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. 550 பெரும்பாலும் பெறுகிறவர் முகவரி தவறு அல்லது அவருடைய சர்வர் மறுத்துவிட்டது என்பதைச் சொல்லும். முகவரியின் இறுதியில் 'இன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் பழக்கத்தில் 'காம்' என்று தட்டிவிடுவது இதில் அடிக்கடி நடப்பது. 552 என்றால் அளவு மீறிவிட்டது.

535 பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டினேன் என்பார்கள், சரியாகத்தான் தட்டியிருப்பார்கள். தனிநபர் கணக்குகளில் பழைய நிரல்கள் சாதாரணக் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவதற்கு இருந்த வழியை 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. புதிய நிரல் என்றால் கூகுளின் பக்கமே திறந்து அனுமதி கேட்கும். பழைய நிரல் என்றால், கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த நிரலுக்கென 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லை உருவாக்கித் தர வேண்டும். கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தத் தனிக் கடவுச்சொற்கள் எல்லாம் செல்லாமல் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வருவதும் போவதும் ஒரே நாளில் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் கணக்கில் இருக்கும்.

அளவு மீறல் ஆசிரியர்களுக்கே உரிய தொல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. நாம் அனுப்புவது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்களும் விழாப் படங்களும்தாமே. ஜிமெயிலில் ஒரு அஞ்சலின் உச்ச அளவு 25 எம்பி. ஆனால் அந்த அளவை ஒட்டிய கோப்பு போகாமல் போகலாம். அஞ்சலில் ஏற்றும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றி எழுதப்படுவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 18 எம்பிக்குள் நிறுத்திக்கொண்டால் கவலையில்லை. உலாவியில் அனுப்பினால் பெரிய கோப்பை ஜிமெயில் தானே டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். அப்போது பார்க்கும் அனுமதியைத் தராமல் விட்டால், அலுவலகத்தில் திறப்பவருக்கு 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம்தான் வரும்.

இதைவிட நல்ல வழி ஸ்கேன் செய்யும்போதே குறைப்பது. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ வண்ணத்தில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 26 எம்பி. 150 டிபிஐ ஆக்கினால் நீளமும் அகலமும் பாதியாகி, புள்ளிகள் நான்கில் ஒன்றாகின்றன. வண்ணத்தை விட்டுச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் அதிலும் மூன்றில் ஒன்று. மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அச்சிட்ட எழுத்தும் முத்திரையும் அதில் தெளிவாகவே தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரப்பளவு நடத்தும்போது நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதுண்டு. கரும்பலகைச் சதுரத்தைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கூகுள் தரும் 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டாலும் ஜிமெயிலில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. அந்த இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதல்ல. டிரைவ், கூகுள் ஃபோட்டோஸ், ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் காப்பு எல்லாம் அதிலேயே அடங்கும். வகுப்புக் குழுக்களில் வரும் காணொளிகள் காப்பில் சேர்ந்து சேர்ந்து கணக்கை அடைத்துவிடுகின்றன. வாட்ஸ்அப் காப்பில் காணொளிகளைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு தெரிவு உண்டு. அதை அமைத்தால் பல பேருக்குப் பெரும் இடம் மிஞ்சும்.

பழைய மேசைக் கணினிகளில் ஒரு வேடிக்கை நடக்கும். உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துபோனால், கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் விழித்துக்கொள்ளும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே நிரல் இணைய மறுத்துவிடும். சான்றிதழ் பற்றிப் பிழைச் செய்தி வந்தால், வேறெதையும் தொடுமுன் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு இணைய நிறுவனத்திடம் பேச வேண்டியிருந்தால், "மெயில் போகவில்லை" என்று சொன்னால் மீண்டும் வேகச் சோதனைதான் நடக்கும். "587, 465 ஆகிய போர்ட்கள் என் இணைப்பில் திறந்திருக்கின்றனவா?" என்று கேளுங்கள். ஹாட்ஸ்பாட்டில் போனது, வீட்டு லைனில் போகவில்லை என்பதையும் சொல்லுங்கள். புகார் உரியவரிடம் போய்ச் சேரும். தொலைபேசி எண்ணை மாதக் கட்டண ரசீதிலிருந்து எடுங்கள். தேடுபொறியில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்களுடையவையும் உண்டு. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டாலும், திரையைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் செயலியை இறக்கச் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரைப் பதிவு செய்யலாம்.