வாய்ப்புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் உண்பதும் பேசுவதும் எப்படி?

புது தில்லி: இந்தியாவில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டில் ஓராண்டில் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாகின்றனர். குட்கா, கைனி போன்றவற்றைக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கத்தால், கன்னத்தின் உட்புறத்திலும் கீழ் ஈற்றிலும் கட்டி தோன்றுவதே இங்கு அதிகம். எனவே, கட்டியுடன் கன்னச் சதையையும் தாடை எலும்பின் ஒரு பகுதியையும் அகற்ற நேரிடுகிறது.

இழந்த பகுதியை நிரப்ப நோயாளியின் உடலே உதவுகிறது. முன்கைத் தோல் நாக்குக்கும், கீழ்க்காலின் மெல்லிய வெளி எலும்பு தாடைக்கும் பயன்படுகின்றன. இவற்றை ரத்தக் குழாயுடன் எடுத்து, நுண்ணோக்கியின் உதவியுடன் கழுத்திலுள்ள ரத்தக் குழாய்களில் இணைக்கின்றனர். உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது மற்றோர் எலும்பு என்பதால், நோயாளியால் மீண்டும் நடக்க இயலும். அந்த வசதி இல்லாத இடங்களில் மார்புத் தசை பயன்படுத்தப்படுகிறது. மேலண்ணத்தில் துளை விழுந்தால், உணவு மூக்கினுள் செல்லாமல் தடுக்கக் கழற்றி மாட்டக்கூடிய செயற்கை அண்ணம் பொருத்தப்படுகிறது.

புண் ஆறியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருதுவதே சிக்கலின் தொடக்கம். ஒட்டவைத்த சதைக்கு நாக்கைப் போன்ற அசைவும் சுவையும் கிடையாது. எஞ்சிய நாக்கையே பழக்க வேண்டும். தாடையை ஒட்டிய தழும்பு இறுகும். கதிர்வீச்சு, மெல்லும் தசைகளை மேலும் விறைக்கச் செய்யும். இந்த இறுக்கம் சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகும் கூடலாம்.

வாய் 35 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திறந்தால், அது தாடை இறுக்கமாகக் கொள்ளப்படுகிறது. வழக்கமாக மூன்று விரல்கள் நுழையும் வாயில் ஒரு விரல்கூட நுழையாத நிலையும் ஏற்படுவதுண்டு. கரண்டியும் பல்துலக்கியும் நுழையாது என்பது மட்டுமல்ல, புற்றுநோய் திரும்பியுள்ளதா என மருத்துவர் உள்ளே பார்ப்பதும் கடினமாகிவிடும்.

இதற்கான பயிற்சிக்குச் செலவு மிகக் குறைவு. ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, மருத்துவர் கூறியபடி எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தினமும் பலமுறை, பல மாதங்கள் செய்ய வேண்டிய இப்பயிற்சி, மருந்துச் சீட்டில் மாத்திரைகளுடன் சேர்த்து எழுதப்பட வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையல்ல.

விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லாதிருக்க, தலையை வைத்துக்கொள்ளும் முறையையும் எந்தப் பதத்தில் உணவு உண்பது என்பதையும் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் கற்றுத் தருவார். சொத்தைப் பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே அகற்றிவிடுவது நல்லது. பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உள்ளது.