தெருவைக் காப்பாற்ற யார் செலவு செய்வது?

வடலூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1867 மே 23-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலை ஒன்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியோடு வருகிற யாருக்கும் அங்கே சோறு உண்டு. மற்றொன்று 1872 தைப்பூசத்தன்று திறந்த, எண்கோண வடிவிலான சத்திய ஞானசபை. ஆனால் வள்ளலாரின் வடலூர் இந்த இரண்டோடு முடிவதில்லை. அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கியிருந்த கருங்குழி வீடு, 1874-ல் அவர் உள்ளே சென்று தாழிட்டுக்கொண்ட மேட்டுக்குப்பம் சித்தி வளாகம், பிறந்த மருதூர், இந்த ஊர்களை இணைக்கிற சாலைகள், அந்தச் சாலைகளின் ஓரத்தில் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

இவற்றில் கோயில் போல வணங்கப்படுகிற கட்டடங்களை இந்து சமய அறநிலையத் துறை கவனித்துக்கொள்கிறது. நடுவில் இருக்கிற தெருக்களும் வீடுகளும் யார் பொறுப்பிலும் இல்லை.

எது வரை காக்க வேண்டிய இடம் என்ற கேள்வி 2024-ல் பெரிதாக வெடித்தது. ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளி, பார்வதிபுரம் மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த 80 காணி நிலம். அதில் 99.90 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அந்த ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் தோண்டிய பள்ளங்களில் இறங்கிப் போராடினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தைப்பூசத்துக்கு வரும் லட்சக்கணக்கானோர் நின்று ஜோதி தரிசனம் பார்ப்பதற்கான வெளி அது என்றார்கள் எதிர்த்தவர்கள். வருகிறவர்களுக்கு வசதி வேண்டும் என்றது அரசு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பெருவெளியைச் சபையின் பகுதியாகப் பார்ப்பதா, கட்டடம் எழுப்பக் கிடைத்த காலி மனையாகப் பார்ப்பதா என்று தீர்மானிக்க, எல்லை குறித்த மரபுப் பகுதி அறிவிப்பு எதுவும் அன்று கையில் இல்லை. அது இருந்திருந்தால் இந்தப் பேச்சு பள்ளம் தோண்டுவதற்கு முன்பே நடந்திருக்கும்.

நம் சட்டங்களுக்குப் பழகிய அலகு நினைவுச்சின்னம். தமிழ்நாட்டின் தொல்பொருள் சட்டம் 1966-ல் வந்தது. மத்தியச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தத்தின்படி, இந்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். கும்பகோணத்திலோ தாராசுரத்திலோ அந்த 100 மீட்டருக்குள் வீடு வைத்திருப்பவரிடம் கேட்டால் தெரியும்: தன் வீட்டில் ஒரு சுவரைப் பழுதுபார்க்கவும் அனுமதிக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஈடாக அவருக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைப்பதில்லை. பாதுகாப்பு என்ற சொல் அவர் காதில் தடை என்றே விழுகிறது. அதனால்தான் தம் தெருவை மரபுப் பகுதியாக அறிவிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே, அறிவிப்பு வருவதற்குள் இடித்துவிடலாம் என்று வீட்டுக்காரர்களுக்குத் தோன்றுகிறது. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அமெரிக்காவும் தடையில்தான் தொடங்கியது. 1931-ல் சார்ல்ஸ்டன் நகரம் தன் பழைய குடியிருப்புகளைக் காக்க நாட்டிலேயே முதல் மரபுப் பகுதி விதியைக் கொண்டுவந்தது. 1963-ல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபத்துக்குப் பிறகு, 1966-ல் தேசியச் சட்டம் வந்தது. ஆனால் தெருத்தெருவாக வேலை நடக்க வைத்தது 1976-க்குப் பிறகு வந்த வரிச் சலுகை. 1986 முதல் அதன் அளவு 20 சதவீதம். மரபுப் பகுதியில் உள்ள பழைய கட்டடத்தை, அதன் தன்மை கெடாமல் 50 லட்சம் செலவில் புதுப்பித்தால், 10 லட்சத்தைக் கட்ட வேண்டிய வருமான வரியிலேயே நேராகக் கழித்துக்கொள்ளலாம். வேலை சரியாக நடந்ததா என்று தேசியப் பூங்கா சேவை பார்த்துச் சான்று தர வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் சலுகையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். 40,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் இதில் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. குறையும் உண்டு: கடை, வாடகை வீடு, ஹோட்டல் என்று வருமானம் தருகிற கட்டடங்களுக்கு மட்டுமே மத்திய அரசின் சலுகை. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குச் சில மாநிலங்கள்தான் தனியாகக் கொடுக்கின்றன.

நம் வருமான வரிச் சட்டத்தில் இதற்குக் கொஞ்சம் உறவான ஓர் ஏற்பாடு நெடுங்காலமாகவே இருக்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ளதென்று அரசு அறிவித்த கோயில், மசூதி, தேவாலயத்தைப் புதுப்பிக்க நன்கொடை கொடுத்தால், அதில் பாதிக்கு வரிவிலக்கு. தமிழ்நாட்டில் பல கோயில்கள் இப்படி அறிவிக்கப்பட்டவை. கோபுரத்துக்குக் கொடுக்கிறவருக்குக் கிடைக்கிற இந்தச் சலுகை, அந்தக் கோபுரத்து மாடவீதியில் தாத்தா கட்டிய வீட்டின் ஓட்டை மாற்றுகிறவருக்குக் கிடையாது.

செட்டிநாட்டில் இதன் விளைவைப் பார்க்கலாம். அதன் ஊர்த் தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் பல பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு பெரிய வீட்டில், பராமரிப்புக்குப் பணம் போட ஒருவர் ஒப்புக்கொண்டால் இன்னொருவர் ஒப்புவதில்லை. பாகப்பிரிவினை வந்ததும் பர்மா தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. பெயர் மட்டும் உத்தேசப் பட்டியலில் இருந்து என்ன பயன்?

வடலூரிலிருந்து கடலூர் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால், இதற்கு வேறு வழி ஒருமுறை முயன்று பார்க்கப்பட்ட தெரு ஒன்று இருக்கிறது: புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் தெரு. இந்தத் தெரு வீடுகளின் அழகு வாசலில் இருக்கிறது. முதலில் தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும், நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். வெயிலுக்கு ஒதுங்கும் வழிப்போக்கருக்கு அது நிழல். அதற்கு உள்ளே திண்ணை. பிறகுதான் கதவும் முற்றமும். ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்த வீட்டின் தாழ்வாரத்தோடு சேர்ந்துதான் தெருவாகிறது. ஒருவர் அதை இடித்துக் கான்கிரீட் பால்கனி வைத்தால், இருபுறமும் உள்ள வீடுகள் துண்டிக்கப்பட்டுவிடும். தனி வீட்டைக் காப்பதும் பகுதியைக் காப்பதும் எவ்வளவு வேறானவை என்பது இங்கே நின்று பார்த்தால் புரியும்.

2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய ஊர்களோடு சேர்ந்து, புதுச்சேரி நகராட்சியும் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும் இந்தத் தெருவில் வேலை செய்தன. சுமார் 20 வீடுகளின் முகப்புகள் பழைய நிலைக்குத் திரும்பின. செலவைத் திட்டமும் வீட்டுக்காரரும் பகிர்ந்துகொள்வது என்பது ஏற்பாடு. இது வெறும் பெயின்ட் வேலை இல்லை. பழைய செங்கல் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் அரிக்கும். சிமென்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்புக் காரையை மீண்டும் பூச வேண்டும். மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் தளக் கூரையில் உளுத்த உத்தரத்தை மாற்ற வேண்டும். இதற்கு நேரம் அதிகம், கூலி அதிகம், கைதேர்ந்த கொத்தனார் அரிது. இந்தக் கூடுதல் செலவைத்தான் பொதுப்பணம் ஏற்க வேண்டும். வீட்டுக்காரர் தலையில் முழுதும் கட்டக்கூடாது. வைசியாள் தெருவுக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது.

ஆனால் திட்டம் முடிந்ததும் பணமும் நின்றது. 2014 நவம்பர் 29-ல், மழையில் ஊறிய புதுச்சேரியின் பழைய மேரி (நகரமன்ற) கட்டடம் இடிந்து விழுந்தது. அரசுக்கே சொந்தமான, கடற்கரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற கட்டடம் அது. 2021-ல் மறுபடி கட்டித் திறந்தார்கள். தனியார் வீடுகள் விழுந்தால் அப்படிக் கட்டித் தர யாரும் இல்லை. ஒரு தெருவுக்கு ஒருமுறை வரும் வெளிநாட்டு மானியம் வழியைக் காட்டும். ஆண்டுதோறும் வருகிற மழைக்கு ஆண்டுதோறும் கிடைக்கிற சலுகைதான் ஈடுகொடுக்கும்.

அகமதாபாத் வேறொரு வழி பிடித்தது. 2017-ல் உலக மரபு நகரமான அதன் போள் எனப்படும் பழைய குடியிருப்புத் தெருக்களில், மேலே கட்டாமல் விட்ட தளப் பரப்பின் உரிமையை மரபு வீட்டுக்காரர் விற்கலாம். வந்த பணத்தை வீட்டைச் சீர்செய்யச் செலவழிக்க வேண்டும். மனை விலை உச்சத்தில் இருக்கும் பெருநகரத்துக்கு இது பொருந்தும். 2021-ல் நகராட்சியான வடலூரில் அந்த உரிமையை வாங்க ஆள் கிடைப்பது கடினம். இங்கே பொருந்துவது வைசியாள் தெருவின் பகிர்வு முறையும் சொத்து வரியும்.

தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியும், ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. அதன்படி நடக்கும் வேலை சென்னையின் பெரிய கட்டடங்களோடு நின்றுவிடக் கூடாது. பெருவெளி, பார்வதிபுரம், கருங்குழி, மேட்டுக்குப்பம் என்று எல்லை குறித்து, அதற்குள் இருக்கிற பழைய வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரு வீட்டு முகப்புக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடி ரூபாயில் 20 வீடுகள். வீட்டுக்காரர் பாதி போட்டால் 40.

வடலூர் நகராட்சி அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்து வரி கட்டுகிறவருக்கு 5 சதவீதம், 5,000 ரூபாய் வரை, தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் ஊக்கத்தொகையாகக் கழித்துத் தருகின்றன. அதற்கான கணக்கும் கம்ப்யூட்டரும் ரசீதும் தயாராகவே இருக்கின்றன. திண்ணையை இடிக்காமல், ஓட்டை மாற்றிச் சீர்செய்த வீட்டுக்கு அந்த ரசீதில் இன்னொரு கழிவைச் சேர்க்க வேண்டும். அதற்கு விதியில் திருத்தம் வேண்டுமென்றால், நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டு அரசிடம் கேட்கலாம்.