இருமல் நின்ற பின்னும் மாத்திரை ஏன்?

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து செவிலியர் கல்விக்குச் செல்லும் பெண்மக்கள் இன்று பலர். இரண்டாம் ஆண்டில் நோயியலும் மருந்தியலும் பாடங்களாக அமைகின்றன. "மருந்தை எழுதுபவர் மருத்துவர், கொடுப்பவள்தானே நீ? இவ்வளவு தடித்த நூல்கள் உனக்கு எதற்கு?" என்று பெற்றோரே வினவுவதுண்டு. வினா எளியதுதான். ஆயினும் அதற்குரிய விடை நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. காசநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைக் காண்போம்.

இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை 1882 மார்ச் 24 அன்று உலகிற்கு அறிவித்தார். நோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியே அக்கிருமி மற்றவரின் நுரையீரலை அடைகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதனை விழுங்குகின்றன. ஆனால் மெழுகு போன்ற உறை பூண்ட கிருமியைச் செரிக்க இயலாமல் திகைக்கின்றன. ஆகவே உடல் வேறொரு வழியை நாடுகிறது: கிருமியைச் சுற்றி அணுக்களால் ஒரு சுவர் எழுப்பிச் சிறை வைக்கிறது. பெரும்பாலோருக்கு இச்சிறை ஆயுள் முழுதும் உடைவதில்லை. பத்தில் ஒருவருக்கு, ஊட்டக்குறைவாலோ நீரிழிவாலோ வேறு காரணத்தாலோ, சுவர் தளர்கிறது. உள்ளிருக்கும் பகுதி திரைந்த பால் போலாகி, உருகி, மூச்சுக்குழலில் வழிகிறது. அவ்விடத்தில் குழி விழுகிறது. இருமலும், சளியில் இரத்தமும், மாலைக் காய்ச்சலும், மெலிவும் அதன் பின்னரே வருகின்றன. நம் முன்னோர் இதனை எலும்புருக்கி நோய் என்றழைத்தது மிகப் பொருத்தமே.

அக்குழி ஒன்றினுள் வாழும் கிருமிகள் பல கோடி. அவற்றுள் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று, ஐசோனியசிட் மருந்தைக் கண்ணால் காணுமுன்னரே அதனை எதிர்க்கும் இயல்புடன் பிறக்கிறது. அம்மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும், இது தழைக்கும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனித்துக் கொடுத்தபோது நிகழ்ந்தது இதுவே. நோயாளிகள் முதலில் தேறினர். பின்னர் பலருக்கு அம்மருந்து பயனற்றுப் போயிற்று. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமியோ பத்துக் கோடியில் ஒன்றுதான். இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி தானாகத் தோன்றும் வாய்ப்பு அற்றுப்போகிறது எனலாம். கூட்டு மருந்தின் காரணம் இவ்வளவே.

இனி, மாதக்கணக்கில் உண்பது ஏன்? குடலில் வாழும் சாதாரணக் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். விரைந்து பெருகுபவற்றை ஐசோனியசிட் முதற்சில நாள்களிலேயே வீழ்த்துகிறது. காவல் அணுவின் புளிப்பான உட்பகுதியில் ஒளிந்திருப்பவற்றைப் பிரசினமைட் தேடிச் செல்கிறது. உறங்கிக் கிடந்து, எப்போதேனும் கண்விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் அழிக்கிறது. எதாம்பியூடால் எதிர்ப்பு தோன்றாதபடி காவல் நிற்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் பிரசினமைட் நீங்கலாக மூன்று என்னும் முறை இவ்வாறு வந்தது. முதல் மாதத்தில் இருமல் நிற்பது பெருங்கூட்டம் மடிந்ததன் அடையாளம். உறங்குவோர் இன்னும் உள்ளே இருக்கின்றனர்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில், பாதி உண்ட மாத்திரை அட்டைகளைச் சுவரின் மாடங்களில் நான் கண்டதுண்டு. "சாமி, இருமல் போயிடுச்சு, பின்னே எதுக்கு?" என்பார்கள். "மருத்துவர் சொன்னார், சாப்பிடுங்கள்" என்று விடையளிக்கும் செவிலிக்கும், உறங்கும் கிருமியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்த செவிலிக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

இக்கருத்தைத் தமிழ் மண்ணே உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்லுணவும் தூய காற்றும் கொடுப்பதே ஒரு காலத்தின் மருத்துவம். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவிய சானடோரியம் அவ்வழியில் எழுந்தது. ஆனால் நோயாளிகள் ஏராளம், கட்டில்களோ சில. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவர். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்தம் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். ஆண்டிறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. வீட்டிலிருந்தோர் உண்டது எளிய உணவு, செய்தது கடின உழைப்பு. ஆயினும் குணம் பெற்றனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு பல நாடுகளின் மருத்துவ முறையையே மாற்றிவிட்டது.

இதில் பலர் கவனியாதது ஒன்றுண்டு. அவ்வீடுகளுக்குச் சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்றனர். மீந்த மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொண்டதை அறியச் சிறுநீரைச் சோதித்தனர். கட்டிலின் இடத்தை நிரப்பியது மருந்து மட்டுமன்று, வாசல் வரை வந்த மனிதரும்தான். (உணவு வேண்டாம் என்று இவ்வாய்விலிருந்து முடிவு கட்டுவது தவறு. நோயாளியின் குடும்பத்தாருக்கு நல்லுணவு வழங்கினால் அவர்களுக்கு நோய் வருவது வெகுவாகக் குறைகிறது என்பதை ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.)

மருந்தைப் பற்றிய அறிவு அச்சத்தைத் தீர்க்கவும் வேண்டும், ஆபத்தை உணர்த்தவும் வேண்டும். ரிஃபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகும். கண்ணீருங்கூட நிறம் மாறலாம். இரத்தம் என்று அஞ்சி மருந்தை விட்டவர்கள் உண்டு. முதல் நாளே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கால் மரத்துப்போனால், ஐசோனியசிட் உடலின் பி6 உயிர்ச்சத்தைக் குறைக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் சொன்னால் பைரிடாக்சின் மாத்திரை அதனைச் சரிசெய்யும். மூட்டு வலி பெரும்பாலும் பிரசினமைட்டினால் வருவது. இவை மருந்தைக் கைவிடக் காரணங்கள் அல்ல. மாறாக, உணவு வெறுத்து, வாந்தி மிகுந்து, கண் மஞ்சளானால், கல்லீரல் தாக்குண்டது. எதாம்பியூடால் உண்பவர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தடுமாறினால், பார்வை நரம்பு தாக்குண்டது. இவ்விரண்டிலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நோயாளியின் முகத்தை நாள்தோறும் காண்பவர் செவிலியரே அன்றோ?

நம் வட்டாரத்துச் செவிலியருக்கு மற்றொரு சோதனையும் உண்டு. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கியது முதல், பஞ்சு இப்பகுதியின் வாழ்வாயிற்று. பஞ்சுத் தூசியும் இருமலைத் தரும். தூசியிலுள்ள நச்சுப்பொருள் மூச்சுக்குழலைச் சுருக்குகிறது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்த நாள்களில் தளரும். ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைத்துவிடும். தூசியிலிருந்து விலகுதலே அதற்கு முதல் மருந்து. காசநோய் மாத்திரை அங்கே பயன் தராது. இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. "ஆலை இருமல்தான்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே காசநோய் குழி பறித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரம் கடந்த இருமலோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால், ஆலைத் தொழிலாளியாயினும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் சில எளிய செய்திகள் குறிக்கப்படுகின்றன: உயரத்துக்கேற்ற எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது. இவற்றில் ஒன்று தவறினும் அந்நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர் என்று கருதப்படுகிறார். இவற்றை அளப்பதற்கு ஓர் எடைக்கருவியும், கடிகாரமும், விரலில் மாட்டும் சிறு கருவியும் போதும். அளப்பவர் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே.