பேயே இல்லாமல் பயமுறுத்தும் புதுக்கோட்டை கதை! ‘அயலி’யும் கூடவே பார்க்க வேண்டிய தொடர்களும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போய் வந்தவர்களுக்கு அய்யனார் கோயில் குதிரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்கும் குதிரை சிலை 33 அடி உயரம். மாசி மகத்தன்று பக்தர்கள் வண்டி வண்டியாகக் கொண்டு வந்து சாத்தும் காகிதப் பூ மாலைகளில் குதிரையே மறைந்துவிடும். பகலில் அது திருவிழாக் கூட்டம். இரவில் எல்லைச்சாமி கோயிலைத் தனியாகக் கடந்து வருகிறவர்களுக்கோ, எந்த ஊராக இருந்தாலும் வண்டியின் வேகம் தானாகக் கூடும்!

அந்தப் பயத்தை வீட்டு ஹாலுக்கே கொண்டு வந்த தொடர் ‘மர்மதேசம்’. 1990-களில் சன் டிவியில் வந்தது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. அதில் ‘விடாது கருப்பு’ பகுதியைப் பார்த்துவிட்டு இரவில் கொல்லைப்புறம் போகப் பயந்த பிள்ளைகள் இன்று பெற்றோர்களாகி இருக்கிறார்கள். ஊரில் தப்பு செய்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். குதிரைக் குளம்பொலி கேட்கிறது. ‘கருப்பு கேட்டுருச்சு’ என்று ஊர் அதை ஏற்றுக்கொள்கிறது. சாமியா, மனுஷனா என்ற கேள்வியை ஒரு பக்கம் கிராமத்து நம்பிக்கையும், இன்னொரு பக்கம் மனநல மருத்துவமும் இழுத்துக்கொண்டே போகும். முடிச்சை இங்கே அவிழ்த்தால் புதிதாகப் பார்க்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சேத்தன் - தேவதர்ஷினி ஜோடி நிஜ வாழ்க்கையிலும் ஜோடியானது இந்தத் தொடருக்குப் பிறகுதான். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது, சமூக வலைதளங்களில் பலரும் முதலில் நினைவுகூர்ந்தது இந்தக் கருப்பைத்தான். படத்தின் தரம் இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கதையின் பிடி தளரவில்லை.

சரி, புதுக்கோட்டைக்கு வருவோம். 2023 குடியரசு தினத்தன்று ஜீ5 தளத்தில் வெளியான ‘அயலி’, இந்த மாவட்டத்தில்தான் நடக்கிறது. காலம் 1990. ஊர், வீரப்பண்ணை என்ற கற்பனைக் கிராமம். முத்துக்குமார் இயக்கிய இந்த எட்டு எபிசோடுகளில் குளம்பொலி கிடையாது, இருட்டில் எதுவும் பாய்ந்து வராது. ஆனாலும், இந்தப் பட்டியலில் அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் ஊரை மீறிப் போனதால் தெய்வம் அயலி கோபித்துக்கொண்டதாகவும், ஊரே அழிந்ததாகவும், மிஞ்சியவர்கள் இடம்பெயர்ந்து வந்ததாகவும் அங்கே ஒரு கதை. அதனால் ஒரு கட்டுப்பாடு. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உடனே கல்யாணம். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீறினால் அயலி ஊரைச் சும்மா விடமாட்டாள். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி (அபி நட்சத்திரா), தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள்.

ரகசியத்தின் கனம் ஏறுவது அவளுடைய அம்மா குருவம்மாளுக்கு (அனுமோல்) விஷயம் தெரியும்போதுதான். கோபப்பட வேண்டியவள், ஒரு கட்டத்தில் மகளோடு சேர்ந்து ஒளிக்கத் தொடங்குகிறாள். துணி துவைப்பது, வயிற்று வலி என எந்த வீட்டிலும் நடக்கிற சாதாரண விஷயங்கள் எல்லாம் இங்கே த்ரில்லர் காட்சிகள் ஆகின்றன. யார் கண்ணில் படும், யார் வாயில் விழும் என்று பார்க்கிறவர்களுக்குப் பதறுகிறது. தமிழ்ச்செல்விக்கும் உள்ளூர உதறல்தான். நிஜமாகவே அயலி தண்டித்துவிட்டால்? பகுத்தறிவு வசனம் பேசும் பெண்ணாக அவளைக் காட்டாமல், பயந்துகொண்டே மீறுகிற சிறுமியாகக் காட்டியதுதான் இந்தத் தொடரின் பலம். ஊர்ப் பெரியவர்களின் வசனங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சு போல நீள்கின்றன, பொறுத்துக்கொள்ளலாம்.

‘இதெல்லாம் சும்மா கதை’ என்று புதுக்கோட்டைக்காரர்கள் தள்ளிவிட முடியாது. இதே ஊரில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி, பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டிலிருந்தே படித்துத் தேறி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு நடுவே சேர்ந்தார். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிறகு சென்னை மாகாண சட்டசபைக்குப் போய், பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும் குரல் கொடுத்தார். தொடரின் கதை நடக்கும் 1990-க்கு அடுத்த வருடம், இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டிப் பழகினார்கள். அன்றைக்குக் கேலி பேசியவர்களும் உண்டு. தமிழ்ச்செல்வியை அந்த சைக்கிள் கூட்டத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்த்தால் தொடர் இன்னும் நெருக்கமாகிறது.

சாமி, திருவிழா, காணாமல் போன பெண் என்று வேகம் வேண்டுபவர்களுக்கு அமேசான் ப்ரைமில் ‘சுழல்’ இருக்கிறது. புஷ்கர் - காயத்ரி உருவாக்கி 2022-ல் வந்தது. அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளை நாள்களோடு விசாரணையும் சேர்ந்து நகரும். சிமென்ட் ஆலையில் தீ, அதே இரவில் ஒரு மாணவி மாயம். கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், ஸ்ரேயா ரெட்டி, பார்த்திபன் எல்லோருமே நன்றாகச் செய்திருக்கிறார்கள். இரண்டாவது சீசன் 2025 பிப்ரவரியில் வந்தது, முதல் சீசன் அளவுக்கு மனதில் நிற்கவில்லை. வெளிநாட்டுத் தொடர் பழக்கம் உள்ளவர்கள் நெட்ஃப்ளிக்ஸில் ‘மிட்நைட் மாஸ்’ பார்க்கலாம். ஒரு குட்டித் தீவு, புதிதாக வந்த பாதிரியார், தொடர்ந்து நடக்கும் அற்புதங்கள். ஏழு எபிசோடுகள்தான்.

இதில் ‘சுழல்’, ‘மிட்நைட் மாஸ்’ இரண்டும் பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்க்க வேண்டியவை. ‘விடாது கருப்பு’ கொஞ்சம் தைரியமான பிள்ளைகளுக்கு ஓகே. ‘அயலி’யை வயதுக்கு வரும் பருவத்தில் மகள் இருக்கும் வீட்டில் அம்மா, மகள் இருவருமே சேர்ந்து பார்க்கலாம். அப்பாவும் எழுந்து போகாமல் உட்கார்ந்தால் இன்னும் நல்லது!