யாழ்ப்பாணம் எத்தனை தூரம்?

பூகோளப் படத்தை எடுத்து, மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கல்பாக்கத்தருகே உள்ள நம் புதுப்பட்டினத்தை ஒட்டியே அந்தக் கோடு போகும்! நீளம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அங்கே போகும் சிறிய விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக் கூடியது. 'அப்படியானால் முக்கால் மணியில் போய்விடலாமே!' என்பீர்கள். முடியாது. தரையில் ஊர்ந்து, உயரே ஏறி, வேகம் தணிந்து இறங்குவதற்குள் ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும்.

1947 டிசம்பரிலேயே ஏர் சிலோன் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பிறகு வந்த யுத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2009-ல் யுத்தம் ஓய்ந்த பின்பும், சென்னையிலிருந்து விமானத்தில் போகிறவர்கள் கொழும்பில் இறங்கி, சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதைதான்!

2019 நவம்பர் 11-ல் சென்னையிலிருந்து பலாலிக்கு நேர் விமானம் சென்றது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12-ல் மீண்டும் பறந்தது.

சென்னையில் வாழ்க்கைப்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இது சாதாரண விஷயமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தால், நேர் விமானம் உள்ள நாளில், பொழுது சாயுமுன் போய்ப் பக்கத்தில் உட்காரலாமே!